துவக்குப் பெட்டியில் ஒரு பச்சைப் புள்ளி

தம்பி,

நீ பத்திரமாகப் போய்ச் சேர்ந்த செய்தியை அம்மாவின் தொலைபேசியில் பார்த்தேன். அவளுக்கு வாடகை வீட்டின் படம், அடுப்பின் படம், சன்னலுக்கு வெளியே குவிந்து கிடக்கும் பனியின் படம் என்று ஓர் ஆல்பமே அனுப்பியிருக்கிறாய். எனக்கு வந்தது ஒரே ஒரு படம். உன் வேட்டைத் துவக்குப் பெட்டியின் கைப்பிடிக்குக் கீழே மிளகளவில் ஒரு பச்சைப் புள்ளி. அதன் கீழே, "அப்பா, இது உங்கட பச்சையோ?" என்ற கேள்வி. 'ஓம்' என்று ஒரு சொல்லில் பதில் போட்டிருக்கலாம். போடத்தான் விரல் போனது. பிறகு, பிள்ளை வடக்கே டிமின்ஸ் வரைக்கும் வாத்தியார் வேலைக்குப் போயிருக்கிறான், அவனுக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதானா என்று தோன்றியது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மேசையில் உட்கார்ந்துவிட்டேன்.

தொலைபேசியில் எனக்குப் பேச வராது என்பது உனக்குத் தெரியும். சாப்பிட்டாயா, காருக்குக் குளிர்காலச் சில்லு போட்டாயா, இந்தா அம்மா பேசப் போகிறாள். இதைத் தாண்டி நான் போனதில்லை. நம் வீடுகளில் தகப்பன் மகனுக்கு நன்றி சொல்வதும் வழக்கம் இல்லை. சொன்னால் பிள்ளை பயந்துபோய், அப்பாவுக்கு ஏதும் வருத்தமோ என்று தாயிடம் கேட்கும். எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. சீனியும் பிரசரும் டொக்டர் சொன்ன அளவில்தான் நிற்கின்றன. ஆனாலும் இந்தக் கடிதம் நன்றி சொல்லத்தான். அதற்குத் துவக்குக் கதையை முதலில் இருந்து சொல்ல வேண்டும். உனக்குத் தெரிந்த கதைதான். என் பக்கம் அது எப்படி இருந்தது என்பது மட்டும் உனக்குத் தெரியாது.

ஓகஸ்ட்டில் ஒரு நாள் இடியப்பத்தைப் பிசைந்தபடி, "அப்பா, நான் ஒரு லீவர் அக்ஷன் ரைஃபிள் வாங்கியிருக்கிறன், மான் வேட்டைக்கு. பிராண்ட் நியூ. லைசென்ஸ் எல்லாம் இருக்கு" என்றாய். சொதியைக் கேட்பது போல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாய். நான் கையில் எடுத்த இடியப்பத்தைத் தட்டிலேயே வைத்தேன். உன் வயதில் ஊரில் நான் வேலைக்குப் போகும் வழியில் ஓர் இராணுவச் சோதனைச் சாவடி இருந்தது. ஒரு நாள் அங்கு நின்ற சிப்பாய், உன் அப்பம்மா கட்டித் தந்த சோற்றுப் பார்சலைத் துவக்கு முனையால் கிளறிப் பார்த்தான். அடிக்கவில்லை, ஏசவும் இல்லை. கிளறிவிட்டுப் போகச் சொன்னான். அன்று மத்தியானம் அந்தச் சோற்றை என்னால் சாப்பிட முடியவில்லை. துவக்கு என்றால் எனக்கு அந்த முனையில் ஒட்டியிருந்த பருப்புத்தான். இதை உனக்கு விளக்கிச் சொல்லாமல், "உந்தச் சனியனை என்ர வீட்டுக்குள்ள கொண்டுவராதை" என்று மட்டும் சொல்லிவிட்டு எழும்பிப் போனேன். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் நம் பேச்சு அம்மா வழியாகவே நடந்தது. "கொப்பருக்குக் கராஜ் திறப்பு வேணுமாம்" என்று உன்னிடம் அவள். "அவனைக் குப்பையை வெளியில வைக்கச் சொல்லு" என்று அவளிடம் நான். பாவம், அவளுக்குத்தான் இரட்டை வேலை.

அவளை நான் என் பக்கம் என்று நம்பியிருந்தேன். ஆனால் முந்தின வருடம் நீ சிநேகிதனின் துவக்கை இரவல் வாங்கிப் போய்க் கொண்டுவந்த மான் இறைச்சி அவளை எப்போதோ கட்சி மாற்றிவிட்டது. ஊர்க் கறித்தூளைப் போட்டுப் பிரட்டி வைத்தவள், "இஞ்சேருங்கோப்பா, ஆட்டிறைச்சியை விட இது திறம். உவன் என்ன ஆளையே சுடப் போறான்?" என்றாள். நானும் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன் என்பதை இங்கே மறைக்கக் கூடாது. காடு உனக்கு எவ்வளவு பிடித்துப்போய்விட்டது, விடியும் வரைக்கும் அசையாமல் இருப்பதில் என்ன சந்தோஷம் என்றெல்லாம் அவளிடம்தான் சொல்லியிருக்கிறாய். அவள் எனக்குச் சொன்னாள். நான் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினேன். ஆனாலும் கேட்டது.

வாய் பேசாத மனிதன் கையால் பேசுவான். துவக்கை வீட்டுக்குள் விட்டது நான் மனம் இரங்கியதால் அல்ல, அதில் குற்றம் கண்டுபிடிக்கத்தான். ஒஷாவாவில் கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் காலம் முழுக்க நான் செய்தது அந்த வேலைதானே. செய்து முடித்த பொருளைக் கையில் வாங்கி, அதில் என்ன பிழை என்று தேடுவது. அளவுகோல், டோர்ச், கண்ணாடி எல்லாவற்றையும் எடுத்துவைத்து, நீ பக்கத்தில் நிற்க, தோட்டா இல்லாத வெறுந் துவக்கைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். லீவர் மூடியிருக்கும்போது ஆடுகிறது என்றேன். "அப்பா, அது டிசைன். அப்பிடித்தான் இருக்கும்" என்றாய். பின்னால் இருக்கும் சுத்தியல் பாதி வழியில் நிற்கிறது, இது பெரிய பிழை என்றேன். "அது சேஃப்டிக்கு, அப்பா." மேற்பக்கம் திறந்திருக்கிறது, தூசி போகும் என்றேன். நீ சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல், சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். அம்மாவும் சேர்ந்துகொண்டாள். எனக்குத் துவக்கைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது என்பது அன்று வீட்டில் எல்லோருக்கும் வெளிச்சமாகிவிட்டது.

ஆனால் சிரிப்பு அடங்கிய பிறகு நான் காட்டிய சிலவற்றை உன்னாலும் மறுக்க முடியவில்லை. குறிபார்க்க முன்னால் நிற்கும் சின்ன முனை ஒரு பக்கம் சரிந்திருந்தது. மரமும் இரும்பும் சேரும் இடத்தில் விசிட்டிங் கார்டின் முனை தாராளமாக உள்ளே போனது. தோட்டா போடும் வாயின் விளிம்பு மழுக்கப்படாமல் இருந்ததால் உன் பெருவிரலில் ஏற்கெனவே பிளாஸ்டர் இருந்தது. உள்ளே துணியை விட்டு எடுத்தால் மினுமினுவென்று இரும்புத் துகள். "இப்ப வாற புதுசெல்லாம் இப்பிடித்தானாம், அப்பா. எல்லாரும் தாங்களே அராவி எடுக்கினம்" என்றாய். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "புதுசை வாங்கிப்போட்டு வீட்டில வச்சு அராவுறதோ? அப்ப ஃபெக்டரியில செக் பண்ண நிண்டவன் என்னத்தைப் பாத்தவன்?" என்று கத்தினேன். கத்திய பிறகு அந்த முகம் தெரியாத மனிதனை நினைத்துக் கொஞ்சம் கவலையாகவும் இருந்தது. அவன் எப்படி இதை விட்டிருப்பான் என்று எனக்குத் தெரியும். மாதக் கடைசியாக இருந்திருக்கும். லொறி வாசலில் நின்றிருக்கும். மேற்பார்வையாளன் வந்து, ஓடுதே, பிறகென்ன, அனுப்பு என்றிருப்பான். பார்க்க ஆள் இருக்கும், பார்க்க நேரம் இருக்காது. சாமான் கெடுவது பெரும்பாலும் கெட்ட மனத்தால் அல்ல, அவசரத்தால்.

எங்கள் இடத்திலும் அந்த அவசரம் வரும். நான் பார்த்தது பிரேக்கோடு சேரும் ஓர் உள்ளங்கை அகல இரும்புத் துண்டு. பார்த்து முடித்தால் பேனையால் ஒரு மைப்புள்ளி வைக்க வேண்டும். யார் விட்டது என்று பிறகு தெரிவதற்காக ஆளுக்கு ஒரு நிறம். எனக்குக் கிடைத்தது பச்சை. நீ சின்னவனாக இருந்தபோது உன்னைப் பின் இருக்கையில் வைத்துக்கொண்டு 401 நெடுஞ்சாலையில் போவேன். நெரிசலில் நிற்கும்போதெல்லாம் பக்கத்துக் காரைக் காட்டி, "அப்பா, உதில உங்கட பச்சை இருக்கோ?" என்று கேட்பாய். இருக்கு என்பேன். அடுத்த காரைக் காட்டுவாய். அதிலும் இருக்கு என்பேன். உண்மையில் எதில் இருந்ததோ யாருக்குத் தெரியும். ஆனால் மேற்பார்வையாளன் தலைக்கு மேல் வந்து நிற்கும்போது, கையில் இருக்கும் துண்டு நீ விரல் நீட்டிய காருக்குள் போகப் போகிறது என்று நினைப்பேன். சந்தேகமானதை ஒருபோதும் விட்டதில்லை. அதற்காக எனக்குப் பின்னால் வைத்த பட்டப் பெயர் நல்ல பெயரும் இல்லை.

நவராத்திரி வந்தது. ஆயுத பூசைக்கு வழக்கம் போல என் அளவுகருவிகளையும், அம்மாவின் கத்தரிக்கோலையும், உன் பள்ளிக்கூடப் புத்தகங்களையும் சுவாமி அறையில் அடுக்கினோம். நீ உன் அறையில் இருந்து துவக்கைக் கொண்டுவந்து, "இதுவும் ஆயுதம்தானே, அப்பா" என்றாய். பகிடிக்குத்தான் சொன்னாய். எனக்கு முகம் கறுத்தது. சரஸ்வதிக்குப் பக்கத்தில் அதை வைப்பதா என்று நான் வாயெடுக்க முன்னமே அம்மா, "வையடா, பிள்ளையைக் காப்பாத்தட்டும்" என்று வாங்கி வைத்துவிட்டாள். பூட்டோடுதான் வைத்தாய், திறப்பு உன் சட்டைப் பையில். அவள் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். அன்று சந்தனத்துக்குத் தண்ணீர் கூடிவிட்டது. துவக்கின் வெள்ளி நிற உடம்பில் வைத்த பொட்டுக் குங்குமத்தையும் இழுத்துக்கொண்டு, குழாய் வந்து சேரும் இடம் வரைக்கும் வழிந்து, அங்கேயே காய்ந்துபோனது.

விஜயதசமி காலை நீ அடுக்களையில் கோப்பி போட்டுக்கொண்டிருந்தாய். பூசைச் சாமான்களைத் துடைத்து எடுப்பது என் வேலை. கடையில் விற்கும் சாயக் குங்குமம்தானே, துவக்கைத் துடைத்தும் கறை விட்ட மாதிரி இருந்தது. அம்மா குத்துவிளக்கு மினுக்குவது போலக் கொஞ்சம் திருநீற்றை எடுத்து ஈரத்தோடு பூசிவிட்டுக் காயட்டும் என்று விட்டேன். திரும்பிப் பார்த்தபோது வெள்ளைத் திருநீற்றுக்கு நடுவே தலைமயிர் போல ஒரு சிவப்புக் கோடு ஊறி வந்திருந்தது. தொழிற்சாலையில் நாங்கள் செய்யும் சோதனை இதேதான். இரும்பில் சிவப்புச் சாயத்தைப் பூசுவோம். வழித்துத் துடைப்போம். மேலே வெள்ளைப் பொடி தூவுவோம். வெடிப்பு இருந்தால் அதற்குள் ஒளித்திருக்கும் சிவப்பு, பொடியில் ஊறி வெளியே வரும். கண்ணுக்குத் தெரியாத வெடிப்பையும் அது காட்டிக்கொடுக்கும்.

முதலில் நான் நம்பாதது துவக்கை அல்ல, என்னைத்தான். இரண்டு மாதமாக இதில் குற்றம் வேண்டும் என்று தவம் கிடந்த கண் இது. வேண்டும் என்று தேடுகிறவனுக்குக் கீறலும் வெடிப்பாகத்தான் தெரியும். ஆகவே எல்லாவற்றையும் நன்றாகக் கழுவித் துடைத்து, குங்குமத்தைக் கரைத்துப் பூசி, திரும்பத் துடைத்து, திரும்பத் திருநீறு போட்டேன். அதே இடம், அதே கோடு. சுடும்போது நெருப்பும் அழுத்தமும் முழுக்கத் தாங்க வேண்டிய இடம், உன் முகத்தில் இருந்து ஒரு சாண் தூரம். அந்தச் சனிக்கிழமைதான் நீ காட்டுக்குப் போக இருந்தாய். சிநேகிதர்கள் லீவு எடுத்துவிட்டார்கள், தங்கும் குடிலுக்குச் சொல்லியாகிவிட்டது. லீவர் ஆடுகிறது, தூசி போகும் என்று ஊரைக் கூட்டிய மனிதன் இப்போது வெடிப்பு என்று வந்து நின்றால் எந்தப் பிள்ளைதான் நம்பும்?

நீ கோப்பிக் கோப்பையோடு வந்தாய். காட்டினேன். வெகு நேரம் பார்த்தாய். பிறகு என் முகத்தைப் பார்த்து, "அப்பா, உண்மையா வெடிப்பெண்டு சொல்லுறீங்களோ, இல்லாட்டி நான் போகக் கூடாதெண்டு சொல்லுறீங்களோ?" என்று கேட்டாய். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளக் கேட்டாய். "ரெண்டுந்தான். நீ போறது எனக்கு விருப்பமில்லை. ஆனா வெடிப்பு வெடிப்புத்தான்" என்றேன். நீ கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, அந்த இடத்திலேயே சிநேகிதனுக்குத் தொலைபேசி அடித்து, "ஐ'ம் அவுட். அப்பா ஃபவுண்ட் எ கிராக்" என்றாய். அவன் மறுபக்கத்தில் ஏதோ சொல்லிச் சிரிப்பது எனக்கும் கேட்டது. "நோ, ஹி டிட் திஸ் ஃபோர் எ லிவிங்" என்றாய். அவர் இதைத்தான் தொழிலாகச் செய்தவர் என்று. தம்பி, எனக்கு வேலைத்தலத்தில் விடைபெறும் நாளில் கேக் வெட்டி, மணிக்கூடு தந்து, கை தட்டினார்கள். அன்று வராத கண்ணீர் சுவாமி அறை வாசலில் நீ சொன்ன அந்த ஒரு வசனத்துக்கு வந்தது. வெங்காயம் வெட்டுகிறேன் என்று சொல்ல வெங்காயமும் பக்கத்தில் இல்லை. குளியலறைக்குப் போய்விட்டேன்.

வாங்கிய கடைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனாய். காசு லாச்சிக்குப் பின்னால் நின்ற தாடிக்காரர் பார்த்துவிட்டு, இது இயந்திரம் வெட்டிய தடமாக இருக்கலாம் என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது, எனக்கும் அந்தச் சந்தேகம் கொஞ்சம் மிச்சம் இருந்தது. உள்ளே கொண்டுபோய்த் தங்கள் சாயத்தைப் போட்டுப் பார்த்தார்கள். திரும்பி வந்தபோது அவருடைய குரல் மாறியிருந்தது. இதைச் சுட வேண்டாம், நிறுவனத்துக்கு அனுப்பி வேறு எடுத்துத் தருகிறோம், இந்த வருடம் புதிதாக வந்ததில் குறிமுனை சரிந்ததும் விளிம்பு வெட்டுவதுமாகப் பல திரும்பி வந்துவிட்டன, வெடிப்பு இதுதான் முதல் என்றார். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டார். நான் எனக்கு இங்கிலீஷ் வராத மாதிரி நின்றேன். பூசை, பொட்டு, திருநீறு என்று இவரிடம் எப்படிச் சொல்வது? நீ சொன்னாய். வருடத்தில் ஒரு நாள் நாங்கள் வேலைக்கு உதவும் சாமான்களைக் கும்பிடுவோம், அம்மா அதற்குப் பொட்டு வைத்தார், அப்பா துடைக்கும்போது கண்டுபிடித்தார் என்று, வெட்கம் ஏதும் இல்லாமல், வகுப்பில் பாடம் நடத்துவது போலச் சொன்னாய். அவர் தலையை ஆட்டி, நல்ல வழக்கம் என்றார். காருக்குத் திரும்பும் வழியில் நான் கொஞ்சம் நிமிர்ந்து நடந்தது உனக்குத் தெரிந்திருக்காது.

புதுத் துவக்கு வந்து சேர வேட்டைக் காலம் முடிந்துவிட்டது. நீ ஒரு வார்த்தை முறைப்பாடு சொல்லவில்லை. பெட்டியைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்து, பூட்டை எடுத்து, வெறுமையாக இருக்கிறதா என்று பார்த்துக் காட்டிவிட்டு, "நீங்கள் பாருங்கோ, அப்பா. நீங்கள் பாஸ் எண்டா கொண்டுபோறன். இல்லையெண்டா காசைத் திருப்பி வாங்கிப்போட்டு விடுறன். திரும்ப வாங்கமாட்டன்" என்றாய். அம்மா என்னைப் பார்த்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது. இல்லை என்று நான் ஒரு சொல் சொன்னால் போதும், நம் வீட்டில் துவக்குக் கதை அத்தோடு முடிந்தது. நீயாகவே அதை என் கையில் தந்துவிட்டு நின்றாய்.

எல்லாம் பார்த்தேன். சாயம் வாங்கி வந்து முறைப்படி போட்டேன், ஒரு கோடும் வரவில்லை. முனை நேராக நின்றது. விளிம்பு விரலை வெட்டவில்லை. துணியில் துகள் இல்லை. ஆனால் மரமும் இரும்பும் சேரும் இடத்தில் விசிட்டிங் கார்டின் முனை இதிலும் போனது. அழகுக் குறைதான், ஆபத்து ஒன்றும் இல்லை. நான் அந்தக் கார்டைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்ததை நீ பார்த்துக்கொண்டிருந்தாய். அந்த நேரம் எனக்குள் ஓடியதைச் சொல்கிறேன். இதைப் பார், இடைவெளி, ஃபெயில் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. நீ நம்பியிருப்பாய். சோற்றுப் பார்சலைக் கிளறிய முனை என் வீட்டை விட்டுப் போயிருக்கும். மேற்பார்வையாளர்கள் எல்லாரும் என்னைக் கெட்டதை நல்லது என்று சொல்லத்தான் வற்புறுத்தினார்கள். நல்லதைக் கெட்டது என்று சொல்லும்படி என்னை வற்புறுத்திய முதல் ஆள் நானே. இரண்டும் ஒரே பொய்தான். ஒரு தடவை அப்படிச் சொல்லிவிட்டால், இனி நான் உனக்கு எதைச் சொன்னாலும் அதற்கு என்ன பெறுமதி? நாளைக்கு உன் காரைப் பற்றி, உன் வீட்டைப் பற்றி, நீ கூட்டிவரப் போகும் பெண்பிள்ளையைப் பற்றி நான் சொல்லும் ஒரு நல்ல வார்த்தைக்குத்தான் என்ன பெறுமதி?

"ஓகே, நல்லாக் கிடக்கு" என்றேன். நீ துள்ளிக் குதிக்கவில்லை. "தாங்க்ஸ், அப்பா" என்று சொல்லிவிட்டு, பூட்டைப் போட்டு மூடினாய். மூடும்போது, "நீங்கள் பொய் சொல்லமாட்டீங்கள் எண்டு தெரியும்" என்றாய். எனக்கே தெரியாதிருந்த ஒன்று உனக்கு எப்படித் தெரிந்தது என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

புத்தி சொல்லாமல் கடிதத்தை முடித்தால் அப்பா எழுதியது என்று நீ நம்பமாட்டாய். ஆகவே கேள். சுடும் முன் ஒவ்வொரு முறையும் பார். யார் பாஸ் பண்ணியிருந்தாலும் பார், நான் பண்ணியிருந்தாலும் பார். பிள்ளைகளின் கொப்பியைத் திருத்தும்போதும் அப்படித்தான். பிழை பிடிக்கும் ஆசை வந்தால் பேனையை வைத்துவிட்டு ஒரு தேத்தண்ணி குடி. உனக்குப் பிடிக்காத பிள்ளையின் கொப்பி நன்றாக இருந்தால் நன்றாக இருக்கிறது என்றே எழுது. மற்றது, அங்கே குளிர் இங்கத்தைய குளிர் இல்லை. உள்ளே உடுக்கும் கம்பளி இரண்டை அம்மா பையின் அடியில் வைத்திருக்கிறாள்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். நீ சாமான் ஏற்றிய அன்று பழைய கருவிப் பெட்டியைத் திறந்தேன். பச்சைப் பேனை காய்ந்திருக்கும் என்றுதான் நினைத்தேன். குலுக்கினேன், மை கலக்கும் சின்னக் குண்டு உள்ளே கடகடத்தது. கடதாசியில் கொஞ்ச நேரம் கீறிக் கீறிப் பார்க்க மை இறங்கியது. நீ மேலே உடுப்பு எடுத்துக்கொண்டிருந்தாய். குனிந்து, கைப்பிடிக்குக் கீழே, இரும்பில் படாமல், பெட்டியில் மட்டும் வைத்தேன். நான் ஓய்வு பெற்ற பிறகு வைத்த முதல் புள்ளி. துவக்கு எனக்கு இன்றும் பிடிக்காது, நாளைக்கும் பிடிக்காது. ஆனால் அதைப் பார்த்தது யார், விட்டது யார் என்று கேட்டால் பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

நெரிசலில் நீ காட்டிய காருக்கெல்லாம் தெரியாமலே ஓம் சொன்னேன். இந்த முறை தெரிந்து சொல்கிறேன். ஓம், தம்பி. அது என்ர பச்சைதான்.

அப்பா